பழைய பெயரில் ஓர் இணைப்பு

குணா திரையைச் சரியாகத்தான் பார்த்தான். பொய் காட்டியது திரை. காட்ட வைத்தவள் நான்!

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். என் கணவருக்குக்கூடத் தெரியாது.

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. தொட்டிப் பகுதியில் நச்சுவாயு கசிகிறதா என்று காட்டும் திரையும் என் பொறுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஷிப்ட் ஆட்கள் உள்ளே போவார்கள். குணா அவர்களில் ஒருவன்.

அந்தக் கணினிக்கு இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தவள் நானே. எல்லா நிரல்களையும் மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே கம்பைல் செய்து, அதாவது இயங்கும் வடிவுக்கு மாற்றி, வைத்துக்கொள்ளும் வகை அது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் ஓர் ஒழுங்கு வேண்டும்... பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைநிரல் தொகுப்பான ஒரு லைப்ரரியை மாற்றினால், அதை நம்பியிருக்கும் அத்தனை நிரல்களையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

விபத்து நடந்த அன்று காலை, கம்பைல் செய்யும் கருவியான கம்பைலரைப் புதுப்பித்தேன். பிறகு, வாயு உணர்கருவிகளைப் படிக்கும் லைப்ரரியையும் புதுப்பித்துப் பழையதை நீக்கினேன். திரைக்கான நிரல் கிளம்ப மறுத்தது. பழைய லைப்ரரிதான் வேண்டும் என்று அடம் பிடித்தது. அந்த நிரலை மறுபடி கம்பைல் செய்யப் பார்த்தால், புதிய கம்பைலர் பிழை மேல் பிழையாகக் கொட்டியது. ஒவ்வொன்றாகத் திருத்தினால் பொழுதே போய்விடும்.

சூப்பர்வைசர் அஸ்மான் போன் செய்தார். “டா சியாப் கா?” தயாராகிவிட்டதா என்று அவர் கேட்பது அது இரண்டாவது முறை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? புதிய லைப்ரரிக்குப் பழையதன் பெயரில் ஓர் இணைப்பு வைத்தேன். பழையதைத் தேடினால் புதியதே கிடைக்கும். ஒரே வரிக் கட்டளை! நிரல் ஏமாந்து கிளம்பியது. திரையில் பச்சை எரிந்தது. “சியாப்!” என்றேன்.

அது தகாத வேலை என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றிருந்தேன்...

புதிய லைப்ரரி அளவுகளை வேறு வரிசையில் தந்தது. நிரலோ பழைய இடத்திலேயே தேடியது. வாயு அளவு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யத்தைப் படித்தது. குணா அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

நினைவிழந்த அவனைத் தூக்கி வந்தார்கள். எல்லாரும் அவனிடம் ஓடினார்கள். நான் கணினியிடம் ஓடினேன்! இணைப்பை அழித்தேன். காப்பு நகலிலிருந்து பழைய லைப்ரரியை எடுத்து வைத்தேன். சில நிமிட வேலைதான். காலையிலேயே செய்திருக்கலாம்... புதுப்பிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது திரை சரியாகவே காட்டியது. அந்த நிரல் முந்தைய அளவுகளைச் சேமித்து வைப்பதும் இல்லை. குணாவின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மருத்துவமனைக்குப் போனேன். “நாந்தாங்க்கா சரியா பாக்கல போல. முந்துன நாளு தூக்கம் இல்ல லா...” என்றான். அதைச் சொல்வதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. அப்போதாவது வாயைத் திறந்தேனா? “ரெஸ்ட் எடு தம்பி” என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன கேவலமான பிறவி நான்!

இப்போது அவனால் மாடிப்படி ஏற முடியாது. புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்த வைத்திருக்கிறார்கள். போன வாரம் அந்த அறைப் பக்கம் போனேன்.

“ஸ்கிரீன் கரெக்டாதான் காட்டுச்சு. நாந்தான் ஒழுங்கா பாக்காம போயிட்டேன். ஸ்கிரீன நம்புங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. “இந்த அக்காதான் அத பாத்துக்கிறாங்க. அது தப்பே காட்டாது. ஆமாதானேக்கா?”

புதியவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.