பாடி அண்ணனுக்கு, எஞ்சின் தம்பிக்கு

அந்தக் கார் என் ஷெட்டுக்கு வந்தபோது அதில் எஞ்சின் இல்லை. டிராக்டர் டிரெய்லரில் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்கள். பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை இறக்கிவிடக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. பின்னாலேயே பைக்கில் வந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இறங்கியதும் எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்றார். கோழியையும் சேர்த்தா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற ஆள் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

எஞ்சின் எங்கே என்றேன்.

"தம்பி பாகத்துல இருக்கு."

காரைக்காலில் பழைய லாரியையும் காரையும் திரும்ப ஓட வைப்பதுதான் என் பிழைப்பு. பாகப்பிரிவினையில் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பியதைப் பார்த்திருக்கிறேன். கிணற்றைப் பொதுவில் வைத்து, வாளிக்கு முறை போட்டதைப் பார்த்திருக்கிறேன். காரை வெட்டிக்கொண்டதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அவர்கள் அப்பா அந்தக் காரை ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு பிரெஞ்சு அதிகாரியிடம் வாங்கினாராம். இடதுபக்க ஸ்டியரிங். கடைசிவரை அதை வலப்பக்கம் மாற்றவில்லை. ஊரில் பாதிக் கல்யாணப் பெண்கள் மாதா கோயிலுக்கு அந்த வண்டியில்தான் போயிருக்கிறார்கள். அப்பா செத்ததும் இரண்டு மகன்களும் பாகம் கேட்டார்கள். வீடு, தோப்பு, பாத்திரம் எல்லாம் பிரிந்தது. கார் ஒன்றுதான் மிச்சம். ஒருவன் எடுத்துக்கொண்டு மற்றவனுக்கு ஈடு கொடுப்பதற்கு இரண்டு பேருமே தயாராக இல்லை. பேச வந்த பெரிய மனிதர்கள் காலையிலிருந்து உட்கார்ந்து அலுத்துப்போய், பாடி அண்ணனுக்கு, எஞ்சின் தம்பிக்கு, சாவி அம்மாவுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்படிச் சொன்னால் வெட்கப்பட்டு ஒன்றாகிவிடுவார்கள் என்று அவர்களுக்கு நினைப்பு. சாயங்காலமே தம்பி செயின் பிளாக்கோடு வந்து எஞ்சினைத் தூக்கிவிட்டார். வெட்கம் உள்ளவனுக்குத்தான் அந்த மாதிரித் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து அம்மா கல்லறைக்குப் போகவில்லை. கல்லறைத் திருநாள் வந்தால் அண்ணன் ஒரு காரை வாசலில் நிறுத்தி ஹார்ன் அடிப்பார். தம்பி அதன் பின்னாலேயே இன்னொரு காரை நிறுத்தி அதைவிடச் சத்தமாக அடிப்பார். அந்த அம்மா எதிலும் ஏறமாட்டார். உங்கள் அப்பா வண்டியைச் சேர்த்துக் கொண்டுவாருங்கள், இரண்டு பேரும் கூட வாருங்கள், வருகிறேன் என்பார். புருஷன் கல்லறையில் இரண்டு மகன்களோடு ஒருமுறை நிற்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். நடக்க முடியாமல் போய், இதயமும் பழுது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வாத்தியார் என் ஷெட்டுக்கு வந்தார். பாசத்தில் வந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெத்தவளைக் கல்லறைக்குக்கூடக் கூட்டிப்போகாதவன் என்று பூசை முடிந்து வெளியே நிற்கிறவர்கள் பேசினார்கள். அது அவர் காதுக்கு வந்துவிட்டது.

பாடியில் துரு தின்றது போக மிச்சத்தை வெட்டி ஒட்டினேன். ஒரிஜினல் சாமான் தேடுவது என்பது வீடுவீடாகப் போய்ப் பிச்சை எடுப்பதுதான். இந்தக் கார் சும்மா கிடந்த காலத்தில் ஆளாளுக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு கதவுக் கைப்பிடி மண்டபத்தூரில் ஒரு குளியலறைக் கதவில் இருந்தது. முன்பக்க கிரில்லைச் சுரக்குடியில் ஒரு வீட்டில் கோழிக்கூண்டுக்கு மூடியாகப் போட்டிருந்தார்கள். சக்கரத்து மூடியில் ஒரு பொம்பளை வாத்துக்குத் தவிடு கரைத்து வைத்திருந்தாள். கேட்டால், வாத்து பழகிவிட்டது, வேறு எதிலும் தின்னாது என்றாள். எவர்சில்வர் பேசின் ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகு வாத்துக்கு உடனே பழகிவிட்டது. ரோட்டார் ஒன்றுதான் என்னைச் சாகடித்தது. எஞ்சினில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற கட்டைவிரல் அளவுச் சாமான். பிறகு எஞ்சின் கைக்கு வந்தபோது அதில் இருந்தது வேறு ஏதோ வண்டியினுடையது, ஒரிஜினல் இல்லை. அதற்காகப் பாண்டிச்சேரிக்கு அலைந்து, ஒரு காயலான் கடையில் ஆணி டப்பாவுக்குள் கை விட்டுத் துழாவி எடுத்தேன். விரலில் தையல் போட வேண்டியிருந்தது. வாத்தியாரிடம் காட்டினேன். ரோட்டாரைத்தான் பார்த்தார்.

எஞ்சினைக் கேட்கத் தம்பி வீட்டுக்குப் போனேன். ஒரே வீடுதான், நடுவில் சுவர். தம்பி திருவேட்டக்குடிப் பக்கம் படகுகளுக்கு ஐஸ் போடுகிறவர். கையில் காசும் வாயில் கெட்ட வார்த்தையும் குறைவில்லாத ஆள். எஞ்சினைச் சுவரை ஒட்டி சிமெண்ட் மேடை கட்டி வைத்திருந்தார். அது எதையும் ஓட்டவில்லை. தண்ணீர் இறைக்கவில்லை, மாவு அரைக்கவில்லை. சைலன்சர் குழாயை மட்டும் சுவருக்கு மேலே தூக்கி, அந்தப் பக்கம் வளைத்து விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் குடும்பம் சாப்பிட உட்காரும்போது எஞ்சினைப் போடுவார். புகை நேராக அண்ணன் சமையலறைக்குப் போகும். வருஷக் கணக்காக, ஒரு வாரம் விடாமல்.

சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறைக்கு முன்னால் இருப்பது அம்மா படுத்திருக்கிற அறை. முதல் புகை அவருக்குத்தான். இது தெரியுமா என்று தம்பியிடம் கேட்டேன். தெரியாமலென்ன என்றார்.

சாவி சரிபார்க்க வேண்டும் என்று அம்மாவைப் பார்க்கப் போனேன். ஒடுங்கிய உடம்பு, ஓங்கிய குரல். சாவியை ஜெபமாலையோடு சேர்த்து இடுப்பில் முடிந்திருந்தார். அவிழ்த்துக் கொடுக்கவில்லை, காட்டினார், அவ்வளவுதான். அந்தப் புகையை நிறுத்தச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"அவன் என்கிட்ட பேசுறது அது ஒண்ணுதாம்ப்பா," என்றார்.

பிறகு பேரம் நடந்தது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செருப்பு தேய நடந்தேன். எஞ்சினைத் தருகிறேன், ஆனால் வண்டியை நான்தான் ஓட்டுவேன் என்றார் தம்பி. ஸ்டியரிங் யார் பாகத்தில் இருக்கிறது என்று அவனிடம் கேள் என்றார் அண்ணன். அந்தத் தகர டப்பாவில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டே போகச் சொல் என்றார் தம்பி. நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். போகும்போது பெரியவன், வரும்போது சின்னவன், முடியாதென்றால் என்னைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று கத்தினார். இரண்டு பக்கமும் கேட்டது. நான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் சரி என்றார்கள்.

எஞ்சின் வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே உப்பு. சூடு தணிக்கக் கிணற்று உப்புத்தண்ணீரை ஊற்றியே தம்பி ஓட்டியிருக்கிறார். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. புகை அதனால்தான் அவ்வளவு. பிளாக்கைச் சுரண்டிக் கழுவி, சிலிண்டரைக் கடைந்து, ரிங் எல்லாம் புதிதாகப் போட்டேன். வாழ்நாளில் நான் செய்த வேலைகளில் அதுதான் நல்ல வேலை. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது போனட் மேல் தண்ணீர் டம்ளரை வைத்தால் அலை அடிக்காது. என் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கல்லறைத் திருநாள் அன்று அம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்து முன்சீட்டில் உட்கார வைத்தோம். இடதுபக்க ஸ்டியரிங் என்பதால் அவர் வலதுபக்கம், எல்லா வண்டியிலும் டிரைவர் உட்காருகிற இடத்தில். முடிச்சை அவிழ்த்து, சாவியைப் பெரியவர் கையில் கொடுத்தார். தம்பி பின்னால் ஏறினார். பக்கத்தில் உட்காரச் சொல்லி என்னையும் இழுத்துப்போட்டார், வண்டியில் ஏதாவது ஆனால் பார்க்க ஆள் வேண்டுமாம். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். உள்ளே அண்ணன் ரோட்டைப் பார்த்தார், தம்பி ஜன்னலைப் பார்த்தார். அம்மா மட்டும் கண்ணாடியில் பின்னால் இருக்கிறவனைப் பார்ப்பார், பிறகு பக்கத்தில் இருக்கிறவனைப் பார்ப்பார்.

கல்லறையில் சாமியார் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அண்ணன் தலைமாட்டில், தம்பி கால்மாட்டில், அம்மா நாற்காலியில் நடுவில். அவர் கேட்டது நடந்துவிட்டது. அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அம்மாவைத் திரும்ப முன்சீட்டில் ஏற்றியதும் தம்பி சாவிக்குக் கை நீட்டினார். அண்ணன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எஞ்சின் என் பாடிக்குள்ள வந்துடுச்சு. முடிஞ்சா இங்கேயே வெளிய எடு, பாப்போம்."

வருஷக் கணக்காக யோசித்து வைத்திருந்த கணக்கு. வாத்தியார் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். தம்பி நேராக முன்பக்கம் போனார். போனட்டைத் தூக்கினார், மூடியைக் கழற்றினார், ரோட்டாரைப் பிடுங்கினார்.

"என் எஞ்சின், என் சாமான். நீ சாவிய நக்கிக்கிட்டு இரு."

அது அவர் எஞ்சினில் இருந்த ரோட்டார்கூட இல்லை. நான் விரலைக் கிழித்துக்கொண்டு தேடி எடுத்தது. சொன்னேன். இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. அண்ணன் தெரிந்தவர் ஒருவரின் பைக்கில் ஏறிப் போனார். தம்பி ஆட்டோ பிடித்தார். மற்றவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவான் என்று நம்பி விட்டார்களா, மற்றவன் தலையில் விழட்டும் என்று விட்டார்களா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை.

கார் கல்லறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் வேன், ஆட்டோ எல்லாம் ஹார்ன் அடித்தன. வலதுபக்கம் உட்கார்ந்திருக்கிறவர்தான் டிரைவர் என்று நினைத்து ஒரு பையன் ஜன்னலில் தட்டினான்.

"ஆயா, வண்டிய எடுங்க. எல்லாரும் நிக்கிறாங்கல்ல."

"ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருக்குடா," என்றார் அம்மா.

நான் ஆட்டோ ஒன்றைக் கூப்பிட்டேன். இறங்க மாட்டேன் என்றார். எப்படியும் இங்கேதான் வர வேண்டும், எதற்கு வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவது என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. ஆட்டோக்காரரும் நானும் தூக்கித்தான் ஏற்றினோம். என் கையில் அடித்தார். காரை நாலு பேர் தள்ளி ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அதன்பின் இரண்டு ஞாயிறு போனது. அம்மா ஆள் அனுப்பினார். போனேன். எஞ்சினைக் கழற்றிச் சின்னவனிடம் கொடுத்துவிடு என்றார். என்னால் முடியாது என்றேன். அந்த வேலை எவ்வளவு வேலை தெரியுமா என்று கத்திவிட்டேன். அவர் நான் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, சுவரைக் காட்டினார்.

"இப்ப அதுகூட இல்ல."

பெரியவரிடம் கேட்டேன். ரோட்டார் இல்லாத எஞ்சினை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கொண்டுபோய்த் தொலை என்றார். சின்னவர் செயின் பிளாக்கைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். பழைய மேடையில் ஏற்றி, போல்ட் முடுக்கி, ரோட்டாரை மாட்டி, குழாயை முன்பு போலவே சுவருக்கு மேலே விட்டேன். அடுத்த ஞாயிறு, எனக்கு மனசு கேட்காமல், சாப்பாட்டு நேரத்துக்கு அம்மாவின் அறையில் போய் உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார்.

அந்தப் பக்கம் எஞ்சின் ஓடியது. தையல் மெஷின் மாதிரி ஓடியது. அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. புது ரிங், சுத்தமான சிலிண்டர், எங்கிருந்து வரும்?

"என்னப்பா பண்ணி வச்ச? புகையே இல்ல."

எழுந்து சுவரைச் சுற்றிக்கொண்டு தம்பி பக்கம் போனேன். அவரும் குழாயைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார். நான் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினேன். பெட்ரோல் கூடுதலாகப் போய் எஞ்சின் திணறியது. கறுப்பாக ஒரு கட்டி கிளம்பிச் சுவரைத் தாண்டிப் போனது. அண்ணன் சமையலறை ஜன்னல்கள் படபடவென்று சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு இருமல்.

சுவருக்கு மேலே குரல் கொடுத்துப் போதுமா என்று கேட்டேன்.

அம்மா இருமி முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்றார்.