பக்கம் மாறாத கோல்கீப்பர்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நான் வந்து உட்காருவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சும் வராது. போன மாதம் பாக்கார் ஆராங்கில் ஒரு கல்யாண விருந்தில் வாயைத் திறந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. எங்கள் மேசையில் ஒருவர் என் மாமாவின் பழைய கதையை வேடிக்கையாகச் சொன்னார்.

"தலைக்கு வந்த பந்தக் கையில புடிச்ச ஆளு லா அவரு."

மேசையே சிரித்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை.

எழுபதுகளின் கடைசியில் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. பந்து விளையாட்டுக் காலம் தொடங்க வெகுநாள் இருக்கும்போதே, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பேச்சு ஆரம்பித்துவிடும். யாரோடு யார் மோதுகிறார்கள், எதைத் தவறவிடக் கூடாது என்பதுதான் பேச்சு. அந்த வருஷம் கோலா கெடாவிலிருந்து மீன் லாரியில் வரும் குழுவோடு ஓர் ஆட்டம் இருந்தது. ஈர மணலில் ஓடிப் பழகிய கால்கள் அவர்களுக்கு. எங்கள் ஆட்களை நாக்குத் தள்ள வைப்பார்கள். சுங்கை பட்டாணி டவுன் பையன்களோடு இன்னொன்று. அவர்கள் போட்டு வரும் பூட்ஸைப் பார்ப்பதற்கென்றே பாதிக் கூட்டம் போகும்.

ஆனால் எல்லாரும் காத்துக் கிடந்தது பக்கத்துத் தோட்டத்தோடு நடக்கும் ஆட்டத்துக்குத்தான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த தோட்டம் அது. முந்தின வருஷம் எங்களைத் தோற்கடித்த சம்பந்திகள், தீபாவளிப் பலகாரத்தோடு அந்தப் பேச்சையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். என் அம்மாகூட அவர்களுடைய முறுக்கைத் தொடவில்லை.

எங்கள் நம்பிக்கையெல்லாம் மாமாதான். அம்மாவின் தம்பி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. அவர் போய் நின்றால் கோல் சின்னதாகிவிடும் என்பார்கள்.

அந்த ஆட்டம் முதலில் கோயில் தீமிதிக்குப் பிறகுதான் இருந்தது. அந்தத் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி அதை முன்னால் இழுத்தார். எங்கள் கிராணியார் யாரையும் கேட்காமல் தலையாட்டிவிட்டார். அதற்குள் மாமா கையில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டி நெருப்பில் இறங்கப் போகிறவர், திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது.

வேண்டுதல் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு இரண்டு முறை வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. இது மூன்றாவது. மூன்று மாதம். இந்தத் தடவையாவது தங்க வேண்டும் என்று மாமா வேண்டிக்கொண்டார். வெளியில் தெரிந்தால் கண் பட்டுவிடும் என்று அம்மாவைத் தவிர ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமா கையில் ஒரு மஞ்சள் கயிறு இருக்கிறது, அதனால் அவர் எங்கள் வீட்டுக் கருவாட்டைத் தொடுவதில்லை என்பதுதான்.

விளையாட்டுத் திடல் இரண்டு தோட்டத்துக்கும் பொது. சுற்றிலும் மேடும் பள்ளமும். வேறு சமநிலம் கிடையாது. திடலின் இரண்டு ஓரத்திலும் எல்லைக்கல் நட்டிருக்கும். அந்தக் கற்களைச் சேர்த்துத்தான் சுண்ணாம்பில் நடுக்கோடு போடுவார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் தோட்டம், அந்தப் பக்கம் அவர்களுடையது. பூசாரி மாமாவிடம் சுருக்கமாகச் சொன்னார்: "பந்து ஆடு. கல்லத் தாண்டாத."

முதல் பாதி எங்கள் பக்கத்துக் கோலில் நிற்கலாம். பக்கம் மாறினால்தான் வம்பு. அதனால் ஆட்டத்துக்கு முன்பே எங்கள் கேப்டன், ரப்பர் பால் லாரி ஓட்டுகிறவர், அவர்கள் கேப்டனைக் கூப்பிட்டுப் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"தம்பி, இன்னிக்குப் பக்கம் மாற வேணாம் லா. கோல்கீப்பரு காப்புக் கட்டியிருக்காரு."

"அதுக்கென்னண்ணே. சாமி காரியம். நாங்களும் சாமி கும்புடறவங்கதான."

ஆட்டம் தொடங்கியது. மாமா வெறுங்காலோடு பறந்து பறந்து பிடித்தார். எங்கள் ஆள் ஒருவர் கோல் போட்டார். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். எந்த ஆட்டத்துக்கும் வராத அத்தை அன்று வந்திருந்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கல் பக்கத்தில் நின்றாள். எல்லாரும் பந்தைப் பார்க்க, அவள் மாமாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் அவர்கள் கேப்டன் வந்தான்.

"வெயில் கண்ணுல குத்துதுண்ணே. பக்கம் மாறணும்."

"முன்னாடி சரின்னியே?"

"சரின்னேன்தான். அப்ப நீங்க கோல் போடலியே."

இன்றைக்கும் அந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னான். நடுவராக வந்த மலாய்ப் பள்ளி ஆசிரியரிடம் எங்கள் கேப்டன் காப்பைக் காட்டி விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விதிப்படி பக்கம் மாற வேண்டும் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்தவன் அவர் இல்லையே.

மாமா நடுக்கோட்டில் நின்றுவிட்டார். கூட்டம் கத்தியது. அவர்கள் பக்கம் கத்தியது போதாதென்று எங்கள் ஆட்களும் கத்தினார்கள்.

"ஒரு அடி வச்சா சாமி கண்ணக் குத்திருமா?"

"காப்ப அவுத்து பொண்டாட்டி கையில குடுத்துட்டு வாய்யா!"

அத்தை குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

மாற்று ஆள் கிடையாது. கடைசியில் எங்கள் கேப்டன் கோலுக்குப் போனார். அவர் குட்டை. அவருடைய சட்டையை மாமா மாட்டிக்கொண்டார். அது தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. கோல்கீப்பராக இருந்தவர் இப்போது முன்னணி ஆட்டக்காரர். எங்கள் தோட்டத்து மண்ணில்தான் நிற்கிறார், ஆனால் அது இப்போது அவர்கள் காக்கும் பாதி. அவர்கள் ஆட்கள் வேண்டுமென்றே கோட்டுவரை ஏறிக்கொண்டார்கள். மாமாவுக்குப் பின்வாங்க இடமில்லை. பந்து வந்தபோதெல்லாம் ஆஃப்சைட், விசில், சிரிப்பு. அதற்குள் அந்தப் பக்கம் எங்கள் கேப்டனின் தலைக்கு மேல் இரண்டு கோல் போய்விட்டது.

முடியப்போகும் நேரத்தில் ஒரு பந்து உயரமாக மாமாவை நோக்கி வந்தது. அவர்கள் ஆள் ஒருவன் கோல் பக்கமே தங்கிவிட்டதால் இந்தமுறை விசில் இல்லை. அவர்கள் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடந்தான். தலையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஆட்டம் சமன். மாமா இரண்டு கைகளையும் நீட்டி, அழகாகப் பிடித்து, பந்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

விருந்தில் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு அங்கே தொடங்கியதுதான். எங்கள் கேப்டன் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாக்குத் தவறியவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவனைப் பற்றி இந்த நாற்பது வருஷத்தில் ஒருவரும் கதை சொல்லி நான் கேட்டதில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்தான் வேடிக்கையாகிவிட்டார். அத்தைக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறந்தது. பெண். பிறக்காமல் போயிருந்தாலும் மாமா அந்தக் கோட்டில் நின்றது நின்றதுதான் என்பேன்.

ஆனால் அன்று எனக்கு மாமாமேல்தான் கோபம். இனி யார் முகத்தில் விழிப்பது என்று பொருமிக்கொண்டு, மாமாவுக்கும் அத்தைக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். பின்னால் அத்தை மெதுவாக வந்தாள். மேடு வந்த இடத்தில் மாமா நின்று, அவளை ஏறவிட்டுத்தான் தான் ஏறினார்.

"ஏன் அப்படிப் புடிச்சீங்க?" என்று அத்தை கேட்டது காதில் விழுந்தது.

"நல்ல பந்து லா. விட மனசு வரல."

அத்தை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. நடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மாமாவும் சிரித்தார். பிறகு அவள் கை இருந்த இடத்தைப் பார்த்தார். சட்டென்று முகம் மாறிவிட்டது.

"போதும் புள்ள. சிரிக்காத," என்றார்.

தோற்றுவிட்டு வருகிறவர்களுக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு ஆத்திரம். சிரித்தவளை அவர் ஏன் அப்படிப் பயந்துபோய்ப் பார்த்தார் என்பது மட்டும் விளங்கவில்லை.

மறுநாள் விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை, பெரட்டும் இல்லை; அன்று யார் முகத்திலும் விழிக்க வேண்டியிருக்கவில்லை.