சேற்றில் சொன்ன பெயர்

வயலுக்கு உரமாக மிதித்த தழை சேற்றுக்குள் அழுகும்போது எழும் புளித்த வாடை, எத்தனை தேய்த்துக் குளித்தாலும் கால் நகத்தை விட்டுப் போகாது. அந்த வாடையோடு அப்பா கோவிலுக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால், அப்போது பட்ட பயம் இப்போதும் நெஞ்சில் லேசாகப் புரளும்.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றுத் தண்ணீர் பாயும் ஊர். நடவு ஆட்கள் போதவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் என்னை நிறுத்திவிட்டார்கள். சேர்ந்து படித்த பிள்ளைகள் பையோடு வரப்பில் போவதை நான் நாற்றுக் கட்டோடு நின்று பார்ப்பேன். பேச ஆள் கிடையாது. எனக்கு மிஞ்சிய படிப்பு, கோவிலில் அப்பமும் ரசமும் வாங்கும் முதல் நற்கருணைக்காக உபதேசியார் சொல்லிக்கொடுத்த பத்துக் கட்டளைதான். அவற்றை நாற்றுப் பறித்துக் கட்டும்போதும் முணுமுணுப்பேன். கடவுள் என்றால் எனக்குப் பண்ணைக் காரியக்காரர் மாதிரிதான் தெரிந்தார். குடையோடு வரப்பில் நின்று, யார் வரிசை கோணுகிறது என்று பார்ப்பவர்.

கழக ஆட்சி வந்து, குடிசை நிற்கும் "மனைக்கட்டு" குடியிருப்பவனுக்கே என்று பேச்சு அடிபட்ட காலம் அது. எங்கள் குடிசை மிராசுதார் இடத்தில் இருந்தது. அப்பா மனு கொடுத்துவிட்டார். அக்கம்பக்கத்து ஊர்களில் கூலிச் சண்டையில் அடிதடி நடந்துகொண்டிருந்ததால், அவர் வெளியே போனால் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் சபையில் நற்கருணை வாங்குகிறவர்கள் சனிக்கிழமையே உபதேசியாரிடம் "பேர் கொடுக்க" வேண்டும். அப்படி ஒரு சனிக்கிழமை, எல்லோரும் நிற்கும்போது உபதேசியார் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "ஏம்பா ஞானமுத்து, பிறத்தியார் வீட்டு மேல ஆசப்படாதேன்னு ஒன் மக பாடம் படிக்குது. நீ மிராசுதார் மனையக் கேட்டு மனு குடுக்குற. இதுல யாரு கட்டளைய மீறுறது?" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதன்பிறகு பேர் கொடுக்கப் போகவே இல்லை. கேட்டால், "நமக்கு அந்தத் தகுதி இல்ல" என்பார்.

அடிதடியில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், கட்டளையை மீறியவராகவே போய்விடுவாரே, பரலோகத்தில்கூட எங்களோடு இருக்க மாட்டாரே என்று நான் போர்வைக்குள் அழுவேன். அம்மாவிடம் சொல்லப் பயம்; சொன்னால் பலித்துவிடுமோ என்று.

என் முதல் நற்கருணைக்கு முந்தின நாள், ஐயர் சைக்கிளை மதகில் சாத்திவிட்டு நாங்கள் வேலை செய்த வயலுக்கு வந்தார். சபைக் குருவை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அப்பா பரம்புப் பலகையை இழுத்துச் சேற்றைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். நான் தழை வீசிக்கொண்டிருந்தேன்.

"மக மொத மொதல்ல வாங்குது. நீ வரலயா?"

"ஆச இருக்குங்க ஐயா மனசுல. பொய் சொல்ல மாட்டேன். மனையோட நிக்குதா? சமயத்துல மிராசுதாரு மாந்தோப்பு வரைக்கும் போயிட்டு வருது."

ஐயர் சிரித்துவிட்டார். பிறகு வயலைக் காட்டினார். "இதுல தண்ணி எதுக்கு வுட்ட?"

"மேடு தெரியணும்ல."

"தெரியுது. தண்ணியே மேட்டக் கரைச்சிடுமா?"

"அது எப்படிங்க கரைக்கும்? காட்டும். பரம்பு இழுத்தாதான் கரையும்."

"கட்டளையும் அம்புட்டுதான்பா. மேட்டக் காட்டும். சமன் பண்றவரு வேற. அவர நம்பி வா. எல்லாம் சமனானப்பறம் வரேன்னா, எந்தக் காலத்துல வருவ?"

அப்பா பலகைக் கயிற்றைக் கீழே போட்டார்.

"அப்ப பேரு?"

"எங்கிட்டயே குடு."

அப்பா பிறந்தபோது ஞானஸ்நானம் கொடுத்து அந்தப் பெயரை வைத்தவரே ஐயர்தான். அப்படியும் அப்பா தலைத்துண்டை அவிழ்த்து, முழங்கால் சேற்றில் நின்று, புது ஆளிடம் சொல்வதுபோல, "ஞானமுத்துங்க" என்றார்.

மறுநாள் பீடத்தின் முன் என் பக்கத்தில் அவர் முழங்காலிட்டபோதுதான் அந்த வாடை வந்தது. பத்தும் ஒப்பித்த நான் கை நீட்டத் தயங்கினேன். அவர் தயங்கவில்லை.

மனைக்குப் பட்டா வந்தது. குடிசை இருந்த இடத்தில் தம்பியின் மாடி வீடு நிற்கிறது. அப்பா கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். தழை மிதிப்பாரும் இல்லை, டிராக்டர் போய்விட்டால் வயலில் டீசல் வாடைதான். கோவிலில் யாரும் பேர் கேட்பதில்லை. பெஞ்சு முழுக்க எனக்கே விட்டதுபோலக் காலியாகக் கிடக்க, நான் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். பழைய பயம் போகவில்லை. ஒவ்வொரு கட்டளையாக மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன்; எங்காவது ஒரு மேடு தட்டும், பீடத்துக்குப் போகக் கால் எழாது. அப்போது, அப்பா அன்று சேற்றில் நின்று சொன்ன மாதிரியே, என் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். சொல்லிவிட்டு எழுந்து போகிறேன்.