அண்ணன், தம்பி, நடுவில் ஒரு கல்

இன்று என் லோடு ஆட்டோவில் ஒரு இரும்பு போர்டை ஏற்றிக்கொண்டு திருவாதவூர் போனேன். கூடவே தொல்லியல் துறை ஆபீசர் ஒருவர்.

அங்கே இரண்டு வயலுக்கு நடுவில், வாள் பிடித்த வீரர்களைச் செதுக்கிய பழைய கல் நிற்கிறது. பட்டத்துக்காக அண்ணன் ராஜாவும் தம்பி ராஜாவும் அடித்துக்கொண்டதில் செத்த படைக்கு வைத்ததாம்.

இப்போது கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு அண்ணன் வயல், அந்தப் பக்கம் அவர் தம்பி வயல். "கல்லு எனக்கு" என்று சண்டை போட்டு, இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை. வண்டியைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் வந்து நின்றார்கள்.

நான் போர்டை எழுத்துக்கூட்டி வாசித்தேன். "போர்... நடந்த... இடம்."

தம்பி என்னைப் பார்த்துப் பதறிவிட்டார். "போர் இன்னும் போடவே இல்லையேண்ணே. நாளைக்குத்தான் வண்டி வருது."

ஆபீசர் நிமிர்ந்தார். "கல்லு யார் வயல்ல இருக்கோ, அவுங்க போர் போடக் கூடாது. வீடும் கட்டக் கூடாது."

அண்ணன் வீட்டுக்கு அஸ்திவாரமே தோண்டியாயிற்று.

"கல்லு தம்பியோடது சார். சின்னவன்னு அப்பவே விட்டுக்கொடுத்துட்டேன்."

"மூத்தவர் இருக்கையில நான் எடுப்பனா சார்?"

இம்புட்டுப் பாசத்தை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

கடைசியில் அண்ணன் தம்பியிடமே திரும்பினார். "ஏப்பா, கல்லு வரப்புல தான இருக்கு? வரப்பு பொது தான?"

"ஆமாண்ணே, பொதுதான்."

ஆபீசர் அளந்து பார்க்க ஆள் கூட்டி வாரேன் என்று கிளம்பிவிட்டார். போர்டு என் வண்டியில்தான் கிடக்கிறது.

உங்கள் வீட்டில் பேசாத அண்ணன் தம்பி இருந்தால் சொல்லுங்கள், போர்டைக் கொண்டுவந்து காட்டுகிறேன்.