கிரைண்டர் நின்ற பிறகு

முகப்பேரில் எங்கள் ஃப்ளாட்டின் சமையலறை மூலையை அடைத்துக்கொண்டு ஒரு பழைய கிரைண்டர் நிற்கிறது. சித்தி கொடுத்தது. மாவு பாக்கெட்டில் கிடைக்கிற காலத்தில் இந்த யானையைக் கட்டித் தீனி போட வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்காத மாதமில்லை. அவருக்கு என்ன தெரியும்! ஸ்விட்சைத் தட்டிக் கல் உருளத் தொடங்கியதும் இன்றைக்கும் என் கண் தானாகத் தரைக்குப் போகும். அங்கே நான்கு காலையும் மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு நாய் தூங்க வேண்டும் என்று மனசு எதிர்பார்க்கும்.

அம்பத்தூரில் எனக்கு முதல் வேலை கிடைத்தபோது வெள்ளானூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சித்தப்பா பாதுகாப்புப் படையில் மோப்ப நாய்களோடு காலம் தள்ளியவர். அவர் ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலத்தில், அவர் கையில் வளர்ந்த சுல்தானுக்கும் ஓய்வு வந்தது. வயதான லாப்ரடார். யார் யாரையோ பார்த்து, கெஞ்சிக் கூத்தாடி, அதை வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தெருவே வேடிக்கை பார்க்க, மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல முன்னால் நடந்து வந்தார். புது மெத்தை, புதுத் தட்டு, ஹாலில் காற்று வருகிற இடம் எல்லாம் தயாராக இருந்தன.

சுல்தான் தூங்கவில்லை. வாசலைப் பார்த்தபடி முன்னங்கால்களை நீட்டி, தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும். களைப்பு மீறினால் முகவாயைக் காலின் மேல் வைக்கும். கண் மூடும், காது மட்டும் மூடாது. பக்கத்து வீட்டு கேட் கிறீச்சிட்டால் போதும், எழுந்து நின்று சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கும். "நாய இட்டுனு வரேன்னு சொல்லிட்டு வாட்ச்மேன இட்டுனு வந்துகீறியே" என்று சித்தி தினமும் சித்தப்பாவைச் சீண்டுவார். சொல்லப்போனால் அந்த வீட்டில் வாட்ச்மேன்கள் இரண்டு பேர். சித்தப்பாவும் நாற்காலியில்தான் தூங்குவார். ஃபேன் நின்றால் போதும், மனிதர் எழுந்து நின்றுவிடுவார்.

வீட்டில் சத்தமே கூடாது என்று உத்தரவு போட்டார் சித்தப்பா. டி.வி.யை ஊமையாக்கினோம். குக்கர் விசிலுக்குக்கூடப் பயந்தோம். எவ்வளவு அமைதியாக இருந்தோமோ அவ்வளவு விறைப்பாக உட்கார்ந்தது சுல்தான். இளைத்துக்கொண்டே போனது. ஆவடியில் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வயசான நாய் நாள்ல பாதிக்கு மேல தூங்கணும் சார். கண்ண மூடினா தூக்கம் இல்ல. ஒருக்களிச்சுப் படுக்கணும், கனவுல கால் உதறணும், அதுதான் தூக்கம். இப்படியே போனா தாங்காது. படையில அது பழகின கொட்டடிக்கே அனுப்பிடுங்க." திங்கட்கிழமை கொண்டுபோய் விடுவதாக முடிவானது. சனிக்கிழமை முழுக்க அவர் அதன் கழுத்துப் பட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி பொறுமை இழந்தார். அத்தனை நாள் கடைமாவு வாங்கித் தின்றாயிற்று. "நாளிக்குப் போற நாய்க்கு இன்னா சத்தம், இன்னா அமைதி" என்று சொல்லி, ஊறவைத்த அரிசியைப் போட்டு கிரைண்டரை ஓட விட்டார். கல் உருண்டது. தரை அதிர்ந்தது. வாசலில் இருந்த சுல்தான் எழுந்து வந்தது. கிரைண்டர் அருகே ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பொத்தென்று பக்கவாட்டில் விழுந்து படுத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வயிறு மெல்ல ஏறி இறங்கியது. காது துவண்டது! சற்று நேரத்தில் நான்கு கால்களும் வெட வெடவென்று உதறின.

சித்தி அலறினார். "ஐயையோ, வலிப்பு வந்துட்சி!" ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்து அதன் காலில் திணிக்கக் குனிந்தார். சித்தப்பா பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "தொடாதே! வலிப்பு இல்ல, கனவு! கனா காணுது பாரு!" அவர் குரல் உடைந்துவிட்டது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஒரு நாய் தூங்குவதை வேடிக்கை பார்த்தோம். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

திடீரென்று சித்தப்பா நெற்றியில் அறைந்துகொண்டார். "வண்டி! எம்மா, இது வண்டி சத்தம்!" அவரும் சுல்தானும் எத்தனையோ வருஷம் படை வண்டியின் பின்பக்கத் தரையில் உருண்டவர்கள். இன்ஜின் ஓடுகிறவரை தூங்கலாம். நின்றால் ஊர் வந்துவிட்டது, இறங்கி மோப்பம் பிடிக்க வேண்டும். நாங்கள் வீட்டை அமைதியாக்கி, எந்நேரமும் "இறங்கு, இறங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்!

அரிசி அரைந்துவிட்டது. சித்தியின் கை ஸ்விட்சுக்குப் போனது, பாதியில் திரும்பி வந்தது. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக் கல்லில் ஊற்றினார். "ஓடட்டும். மாவு போனா போவுது." அந்த வாரம் முழுக்க எங்கள் இட்லி களியாக இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. திங்கட்கிழமை யாரும் எங்கும் போகவில்லை.

அதன் பிறகு சித்திக்குத் தினமும் ஏதாவது அரைக்க வேண்டியிருந்தது. மாவு மிஞ்சிப்போய்த் தெருவுக்கே கொடுத்தார். வேறொன்றும் இல்லாத நாளில் வெறும் தண்ணீர் ஓடியது. பிறகொரு மதியம், கல் ஓடிக்கொண்டிருந்தபோதே கரண்ட் போனது. கல் நின்றது, ஃபேன் நின்றது. நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த சித்தப்பா விருட்டென்று எழுந்து நின்றார். எல்லோரும் சுல்தானைப் பார்த்தோம். அது ஒரு கண்ணைப் பாதி திறந்து அவரைப் பார்த்தது, நீளமாக ஒரு மூச்சு விட்டது, மறுபக்கம் புரண்டு தூங்கிவிட்டது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

"அதுக்கே புரிஞ்சிட்சி, டூட்டி முட்ஞ்சிட்சின்னு. நீ இன்னாத்துக்குய்யா நின்னுகினு கீறே? படு" என்றார் சித்தி. சித்தப்பா அசடு வழிந்தார். "தோ, கேட்டு சாத்திக்கிதான்னு பாத்துட்டு வரேன்" என்று வெளியே போனார். சாத்தியிருந்த கேட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுல்தான் இரண்டு மழைக்காலம் எங்களோடு நன்றாகத் தூங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தது. அது படுத்த இடம் வெறிச்சென்று கிடப்பதைப் பார்க்க முடியாமல் சித்தி கிரைண்டரை எனக்குத் தள்ளிவிட்டார். என் வீட்டில் இப்போது ஒரு நாட்டு நாய்க்குட்டி இருக்கிறது. கட்டில், செருப்பு, என் மடி என்று எங்கேயும் விழுந்து தூங்கும். கிரைண்டர் போட்டால் மட்டும் பதறிக் கட்டிலுக்கடியில் ஓடும். அதற்கு எந்த வண்டியும் தெரியாது, பாக்கியசாலி.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு, கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில், சித்தப்பா ஹாலில் வெறுந்தரையில் துண்டை விரித்துத் தூங்கிப்போனார். மாவு அரைந்ததும் என் கை ஸ்விட்சில் தயங்கியது. நிறுத்து என்பதுபோல் சித்தி தலையை ஆட்டினார். நிறுத்தினேன். கல் நின்றது. வீடு கப்பென்று அமைதியானது. கட்டிலுக்கடியிலிருந்து குட்டி வெளியே வந்து, அவர் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. சித்தப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார், மறுபக்கம் புரண்டு அதன் மேல் கையைப் போட்டுக்கொண்டு தூங்கினார்.