லினிமெண்ட் போத்தலில் ஒட்டிய எழுத்து

1. வகுப்பு

சீனித்தம்பி மூச்சு வாங்க வந்து வகுப்பறை வாசலில் நின்றபோது, நாங்கள் சிறுபிள்ளைகளின் வாங்குகளில் முழங்காலை இடுக்கிக்கொண்டு, “இவ்விண்ணப்பம் தங்கள் மேலான கவனத்துக்கு அனுப்பப்படுகிறது” என்பதைச் சிங்களத்தில் ஒரே குரலாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். தபால் கந்தோர்க்காரர், நீர்ப்பாசனக் கந்தோர்க்காரர், ஆசிரியர்கள், டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும் நான். எல்லோருக்கும் தலை நரைக்கத் தொடங்கிய வயது.

சிங்களம் மட்டுமே அரச மொழி என்று சட்டம் வந்து ஒரு வருடம் கடந்திருந்தது. படிக்காதவனுக்குச் சம்பள உயர்வு இல்லை என்றார்கள். வேலையே இல்லை என்றும் சிலர் சொன்னார்கள். எது மெய்யென்று கல்முனையில் எவருக்கும் தெரியாது. எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவார். நான் மூத்தவளின் வீட்டுக்கு அத்திவாரம் மட்டும்தான் போட்டிருந்தேன். ஆகவே கிழமையில் இரண்டு பின்னேரம் போய் அந்த வாங்கில் உட்கார்ந்தேன்.

சீனித்தம்பி டிஸ்பென்சரியின் காவலாள். எளிதில் பதறாத மனிதர்.

“காக்கா, கெதியா வாங்க. புள்ளயொண்டு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. குணதாச மாத்தயாக்கு ஒண்டும் விளங்குதில்ல. தாய்க்காரி வாயத் திறக்கிறாளுமில்ல.”

2. ஜன்னல்

அங்கே என்ன நடந்தது என்று சொல்லுமுன் எங்கள் மருந்து ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போக வேண்டாம்.

அப்போதிக்கரி ஐயா நோயாளியைப் பார்த்துத் துண்டு எழுதுவார். நான் மருந்து கலந்து, அவரவர் கொண்டுவந்த போத்தலைக் கழுவி, ஊற்றி, லேபல் ஒட்டி ஜன்னலால் கொடுப்பேன். குடிக்கும் மிக்ஸர் என்றால் போத்தலின் பக்கத்தில் பல்லுப் பல்லாக வெட்டிய கடதாசிப் பட்டி ஒன்றும் ஒட்டுவோம். ஒரு பல்லு ஒரு வேளை. மேலில் பூசும் கற்பூர லினிமெண்டுக்குப் பட்டி இல்லை; குடித்தால் அது நஞ்சு.

லேபல் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் பெண்களில் ஒருத்தியும் அதை வாசித்ததில்லை. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் முறையிட்டதுமில்லை. இப்போது மொழிக்காகக் கோபப்படுகிற எல்லோரும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். லேபல் கந்தோருக்கு, வாய் சனத்துக்கு என்று வைத்திருந்தோம்.

“மகள், இது உள்ளுக்கு. இது நெஞ்சில பூச. மாறிப்போகப்படா. என்ன சொன்னன்? திருப்பிச் சொல்லு.”

அவள் திருப்பிச் சொன்ன பிறகுதான் போத்தலைக் கையிலிருந்து விடுவேன். என் வேலையில் பாதி அதுதான். எந்தச் சுற்றறிக்கையிலும் அது எழுதப்படவில்லை.

எங்கள் பெண்களுக்கு எழுத்தே தெரியாது என்றும் எண்ண வேண்டாம். என் மனைவி தமிழ் எழுத்தில் தன் பெயரை எழுதமாட்டாள். ஆனால் குர்ஆன் ஓதப் பள்ளியில் பழகிய அரபு எழுத்தில் தமிழை மளமளவென்று எழுதுவாள். அந்த எழுத்தில் அச்சான பாட்டுக் கிதாபுகளை ராகம் இழுத்து வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மகள் பள்ளிக்கூடத்தில் எழுதும் தமிழ்க் கட்டுரையை உம்மாவால் வாசிக்க முடியாது. இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை பிடிப்பது ஒரே தமிழில்தான். இப்படி இருந்த ஊருக்குள்தான் அரசாங்கம் சிங்கள லேபலை அனுப்பியது.

3. குணதாசவின் சீட்டு

நான் வகுப்புக்குப் போகும் பின்னேரங்களில் ஜன்னலைப் பார்க்கத் தெற்கிலிருந்து குணதாச என்ற சிங்களவர் வந்தார். இளம் ஆள். அளவுக் கிளாஸைக் கண்ணுக்கு நேரே பிடித்துத்தான் ஊற்றுவார். என்னைவிடச் சுத்தம். அவருக்குத் தமிழ் தெரியாது, இருந்தும் வாய் மூடியிருக்கமாட்டார்.

“அம்மா, இது மூணு தரம் குடிக்கிறது. தண்ணி போடுறது. நல்லா ஆட்டுறது.”

“என்னத்த மாத்தயா ஆட்டுற? புள்ளயயா, போத்தலயா?” என்று ஒருத்தி கேட்க, வரிசை முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

“மாத்தயா, கல்முனையில ஒரு பொண்ணக் கட்டுங்க. ஆறு மாசத்தில தமிழ் தன்னால வரும்.”

“கட்டினா வீடு தாறதா?”

“வீடும் தருவம், அதுக்குள்ள ஒரு மாமியும் தருவம்!”

இப்படித்தான் இருந்தது. அவரை ஒருவரும் வெறுக்கவில்லை. ஆனால் திருப்பிச் சொல் என்று அவரால் கேட்க முடியாது. கேட்டாலும் அவர்கள் சொல்வது சரியா என்று அவருக்குத் தெரியாது. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் பெண்கள் அரபு எழுத்து வாசிப்பார்கள் என்று சீனித்தம்பி சொல்லக் கேட்டதும், ஓதப் பள்ளியில் ஓதிக்கொடுக்கும் லெப்பையிடம் தானே போய், லினிமெண்ட் போத்தலுக்குச் சீட்டு எழுதித் தரச் சொன்னார். “குடிக்கக் கூடாது, பூசவும்” என்று லெப்பை அரபு எழுத்தில், அழகான தமிழில், ஒரு கட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். குணதாச அதைச் சிங்கள லேபலுக்கு மேலே ஒட்டினார். கேள்விப்பட்ட எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. எனக்கும்தான். வாசிக்கத் தெரிந்த பெண்கள் வாசித்துச் சந்தோசப்பட்டார்கள். “கவுமேந்துப் போத்தலில எங்கட எழுத்து!” என்று ஒருத்தி பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாளாம்.

4. சுபைதா

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை மேசையில் கிடந்தது. ஆண் குழந்தை, இன்னும் நடை பழகாதது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் கற்பூர மணம். அப்போதிக்கரி ஐயா அக்கரைப்பற்றுப் பக்கம் போயிருந்தார். குணதாச வியர்த்துப்போய், “மொனவத துன்னே? என்ன குடுத்தது? அம்மா, சொல்லு, சொல்லு!” என்று கத்திக்கொண்டிருந்தார். எதை, எவ்வளவு கொடுத்தாள் என்று தெரியாமல் அவரால் அடுத்ததைச் செய்ய முடியாது. தாய் சுபைதா சுவரோடு ஒட்டி நின்றாள். கரைவலைக்காரர் ஒருவரின் மனைவி, பத்தொன்பது இருபது வயதிருக்கும். அவர் கத்தக் கத்த அவள் வாய் இன்னும் இறுகியது.

“மகள், நான்தான். பயப்படாத. புள்ளைக்கு என்னத்தக் குடுத்தாய்?”

“மருந்து குடுத்தன், காக்கா.”

“எந்தப் போத்தல்?”

“எழுத்து ஒட்டின போத்தல்.”

“அது பூசுறதெல்லாவா? பட்டி ஒட்டினதுதானே உள்ளுக்கு?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதோ கூடாத சொல் சொல்லிவிட்டது போன்ற பார்வை.

“ஓதின எழுத்தெல்லாவா காக்கா? அத எப்பிடி மேலுல பூசுற? வடிஞ்சு காலுல படுமே. குத்தமெல்லாவா? அதான் அத உள்ளுக்குக் குடுத்துப்போட்டு, மத்தத நெஞ்சில பூசினன். பிஸ்மில்லாச் சொல்லித்தான் குடுத்தன்.”

“எவ்வளவு?”

“ரெண்டு கரண்டி. பொறகும் காய்ச்சல் இறங்கல்ல. இன்னொரு கரண்டி குடுத்தன்.”

எங்கள் ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூ மையால் குர்ஆன் ஆயத்து எழுதுவித்து, அந்த எழுத்தைத் தண்ணீரில் கழுவிக் குடிக்கக் கொடுப்பார்கள். என் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறேன். சுபைதா ஓதப் பள்ளியில் முதல் பாடத்தோடு நின்றவள். அந்த எழுத்தை அவளால் கூட்டி வாசிக்க முடியாது. அது குர்ஆனின் எழுத்து என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். தமிழும் அந்த எழுத்தில் இருக்கும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. குடிக்கக் கூடாது என்று சொன்ன அந்த எழுத்தைக் கண்டுதான் அவள் அதைக் குடிக்கக் கொடுத்தாள்.

நான் குணதாசவுக்குச் சொல்லத் திரும்பினேன். வாயைத் திறந்தேன், சிங்களம் வரவில்லை. விண்ணப்பம் வந்தது, மேலதிகாரி வந்தார், தங்கள் கவனம் வந்தது. கற்பூரத்தைக் குழந்தை விழுங்கிவிட்டது என்பதற்கு எனக்கு ஒரு சொல்லும் கற்பித்திருக்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்தது. இரண்டு பேரும் ஆங்கிலத்திலேயே பேசிப் பேசித் தெரிந்ததையெல்லாம் செய்தோம். ஜன்னலுக்கு வெளியே கூடிய சனத்திலிருந்து ஒருவர், “தமிழில கதைங்க காக்கா! இங்கிலீசில என்னத்த மறைக்கிறீங்க?” என்று சத்தம் போட்டார்.

வாடகைக் காரில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சுபைதாவின் மடியில் குழந்தை. நான் முன்சீட்டில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கல்லாறு தாண்டுமுன் இழுப்பு நின்றது. “சுகமாயிட்டான் போல, காக்கா” என்றாள். நான் குழந்தையின் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். காரைத் திருப்பச் சொன்னேன். என் குரல் எந்த மொழியில் வந்தது என்று இப்போது நினைவில்லை. டிரைவர் திருப்பினார்.

5. பிறகு

மஃரிபுத் தொழுகைக்கு முன்பே, சிங்களவன் முஸ்லிம் பிள்ளைக்கு நஞ்சு கொடுத்துவிட்டான் என்ற கதை ஊரைச் சுற்றிவிட்டது. அது நாடெங்கும் நெருப்பு மூட்டக் காத்திருந்த காலம். பள்ளிவாசல் முன்னால் நின்று நான் சொன்னேன்.

“மருந்தில பிழையில்ல. அந்த மனிசனும் பிழையில்ல.”

“அப்ப ஆரு பிழை?” என்று ஒரு கிழவர் கேட்டார். “லெப்பைட எழுத்துப் பிழையா? பெத்தவள் பிழையா? சொல்லுங்க, கேப்பம்.”

லெப்பை அங்கேயே நின்றார். சுபைதாவின் புருசனும் நின்றான். எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் அந்த ஆள் அன்றோடு முடிந்திருப்பார். நான் சும்மா நின்றேன். சும்மா நின்றதை ஊர் தனக்கு வேண்டியபடி விளங்கிக்கொண்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் சீனித்தம்பி குணதாசவை ஏற்றிவிட்டார். போகும்போது குணதாச என்னிடம் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டார். “நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்?”

மிஞ்சிய சீட்டுகளைக் குப்பையில் போட முடியாதென்று லெப்பை வாங்கிப்போய்க் கடலில் விட்டார். சுபைதா அதன் பிறகு டிஸ்பென்சரிப் பக்கம் வரவில்லை. அவள் தெருவிலிருந்தும் ஒருத்தியும் வரவில்லை. காய்ச்சல் மட்டும் நிற்கவில்லை. அந்த மாரியில் அந்தத் தெருவிலிருந்து இரண்டு சந்தூக்குகள் அடக்கத்துக்குப் போனதை நான் ஜன்னலுக்குள் நின்று பார்த்தேன்.

சிங்களச் சோதனையில் நான் பாஸ். வகுப்பில் முதலாம் ஆள் என்றார்கள். பாஸ் பண்ணினால் ஊரிலேயே இருக்கலாம் என்று நினைத்துத்தான் படித்தேன். சிங்களம் தெரிந்த டிஸ்பென்சர் என்று கண்டி மலைக்கு அப்பால் ஒரு கிராமத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தமிழ் பேசுகிறவர் ஒருவருமில்லை.

இப்படியான குறிப்பின் முடிவில் கற்ற பாடத்தைச் சொல்ல வேண்டும். போத்தலில் எந்த மொழியும் எழுதலாம். அதை வாங்கிப்போகிறவளின் வீட்டில் அந்த எழுத்து என்னவாக இருக்கிறது என்று தெரியாதவன் மருந்து கொடுக்கக் கூடாது. இதுதான் நான் கற்றது. இதைக் கற்ற பிறகும் நான் திங்கட்கிழமை அங்கே போய் மருந்து ஜன்னலில் நிற்கத்தான் வேண்டும். மூத்தவளின் வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது.

நேற்று மனைவி பெட்டியில் என் சேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அங்கத்தப் பொம்புளைகள் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன செய்வாங்க?” என்று கேட்டாள்.

“தெரியா.”

“எத மேலுல பூசமாட்டாங்க, எதக் காலுல படவிடமாட்டாங்க?”

“தெரியா, புள்ள.”

அவள் கையிலிருந்த சேட்டை அடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப அங்க ஒரு தாய்க்கு நீங்கதான் குணதாச” என்றாள்.