கடலைப் பார்த்த கீழ்த்தள அறை

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, வண்டிதான் நகரவில்லை. பின்சக்கரம் ஈர மணலை வாரி வாரிக் கண்ணாடியில் இறைத்தது. முன்சீட்டில் பெரியப்பா கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் சவுக்குத் தோப்பு. தோப்புக்கும் எங்களுக்கும் நடுவே சற்று முன்புவரை வெறும் பள்ளமாகக் கிடந்த இடத்தில் இப்போது தண்ணீர் ஓடி வந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் என் பக்கத்தில், மணலில் நாலு அடி நடக்க முடியாதவள் என்று ஊரறிந்த பெரியம்மா. இவளை எப்படிக் கரைசேர்ப்பது என்பதுதான் அந்த நேரத்தில் எனக்கிருந்த ஒரே கவலை.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணா. ரயில்வேயில் நல்ல உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றபின், சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்துக்குக் குடிவந்தார். பிள்ளை வெளிநாட்டில். அதனால் துர்கா பூஜை விடுமுறையில் அவர்கள் இரண்டு பேரும் கடற்கரைக்குக் கிளம்பினால் ஒத்தாசைக்குத் தம்பி பெண் நான். பூரியோ திகாவோ, லாட்ஜ் பிடிக்கிற அதிகாரம் பெரியப்பாவுடையது. வெங்காயம் போடாத சாப்பாடு கிடைக்குமா, குழாயில் வெந்நீர் வருமா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். அறை கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும், கட்டிலில் உட்கார்ந்தால் ஜன்னலில் கடல் தெரிய வேண்டும். மேனேஜர் சாவியைக் கொடுத்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பார்ப்பார். தெரியாவிட்டால் அடுத்த லாட்ஜ். பெரியம்மா பெட்டிகளோடு ரிக்‌ஷாவிலேயே உட்கார்ந்திருப்பாள். ரிக்‌ஷாக்காரன் எங்களை வாய்விட்டே திட்டுவான். எல்லாம் அவள் முட்டிக்காக. "அவ இங்கேர்ந்தே பார்த்துப்பா" என்று திரையை ஒதுக்கிக் கட்டிவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எங்கள் உறவில் எந்த மாமி புருஷனோடு சண்டை போட்டாலும் பெரியப்பாவைத்தான் உதாரணம் காட்டுவாள். எனக்கும் அதில் பெருமைதான்.

அந்த வருஷம் மந்தார்மணி. அங்கே அப்போதெல்லாம் பாதி லாட்ஜுகளுக்குச் சாலை கிடையாது, கடற்கரை மணலிலேயேதான் கார் ஓட வேண்டும். கடைக்கோடியில் இருந்த ஒரு லாட்ஜில் பெரியப்பா கேட்ட மாதிரியே அறை கிடைத்தது. "மத்தியானத்துக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் ஜோயார் ஏறிவிடும்" என்று மேனேஜர் போனில் படித்துப் படித்துச் சொன்னார். ஜோயார் என்றால் கடலேற்றம். விடிந்ததும் கிளம்பியிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை, டிரைவர் தாமதமாக வந்தான், ராகுகாலம் பிறந்துவிட்டது. கல்கத்தாத் தமிழர் வீடுகளில் ராகுகாலம் ஒன்றல்ல, இரண்டு. இங்கே சூரியன் முன்னாலேயே உதித்துவிடுகிறது, ஆகவே ராகுவும் முன்னாலேயே வருவார் என்பது ஒரு கட்சி. மெட்ராஸ் காலண்டரில் அச்சடித்ததுதான் சாஸ்திரம் என்பது இன்னொரு கட்சி. பெரியப்பா யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். கல்கத்தா ராகு தொடங்கியதிலிருந்து மெட்ராஸ் ராகு விலகும்வரை எங்களைப் பெட்டி மேல் உட்கார வைத்துவிட்டார். அப்புறம் வழியில் கோலாகாட்டில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். மந்தார்மணி போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

சாலை முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை, அதை ஒட்டி ஒரு லாட்ஜ். டீக்கடைக்காரர் காரைக் கையைக் காட்டி நிறுத்தினார். இனிமேல் மணலில் போகாதீர்கள், இந்த லாட்ஜில் மாடி அறை ஒன்று காலி, ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் போங்கள் என்றார். டிரைவர் பெரியப்பாவைப் பார்த்தான்.

"மாடி ஏற இவளால முடியாது" என்றார் பெரியப்பா.

"நான் மெல்ல ஏறிடுவேன்னா" என்றாள் பெரியம்மா.

"நீ சும்மா இரு. வருஷத்துக்கு ஒரு தரம் வரோம், ஜன்னல்ல கடல் தெரியாம இருக்கவா? கடல் இன்னும் அங்கேதானே இருக்கு. போப்பா."

அவர் கடலைப் பார்க்காமலேயே அதைச் சொன்னார். பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டாள். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

பாதி தூரம் சுகமாகத்தான் போனோம். ஒரு கால்வாய் கடலில் கலக்கிற இடத்தில் வண்டி புதைந்தது. டிரைவர் இறங்கித் தள்ளினான், நான் இறங்கித் தள்ளினேன், அது இன்னும் ஆழமாக உட்கார்ந்தது. முதல் அலை சக்கரத்தை நக்கிவிட்டுப் போனது, அடுத்தது கதவைத் தொட்டது. டிரைவர் "நாமுன், நாமுன்" என்று எல்லாரையும் இறங்கச் சொல்லிக் கத்திவிட்டு, டிராக்டரோ ஆளோ கிடைக்குமா என்று தோப்பை நோக்கி ஓடினான். பள்ளத்தைத் தாண்டும்போது அவனுக்கே முழங்கால்வரை தண்ணீர்.

"யாரும் இறங்கப்படாது" என்றார் பெரியப்பா. "இவளால நடக்க முடியாது. அவன் ஆள் கூட்டிண்டு வரட்டும்."

அவர் குரல் எனக்குப் பரிச்சயமில்லாத குரலாக இருந்தது. கைப்பிடியைப் பற்றிய விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. வண்டிக்குள் அவர் காலடியில் தண்ணீர் கசிந்ததை வெளியே நின்றபடியே பார்த்தேன். எனக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. பெரியம்மாவைத் தூக்க முடியுமா, முதுகில் சுமந்தால் நான் விழுவேனா என்று யோசித்துக்கொண்டே அவள் பக்கம் போனால், கதவு திறந்திருக்கிறது, அவள் இல்லை. புடவையை வரிந்து செருகிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து, முன்கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"ஏன்னா, என்னைப் பாருங்கோ. தண்ணியப் பார்க்காதேங்கோ."

பெரியப்பா தலையை ஆட்டினார். மாட்டேன் என்கிற ஆட்டல். ஒரு ஸ்டேஷனையே அதட்டிப் பழகிய மனுஷரின் கண்களில் தண்ணீர் நின்றது.

"ஹவுரா ஸ்டேஷன் கூட்டத்துல நான் உங்க சட்டையப் பிடிச்சுண்டு வருவேனோல்லியோ, அப்படி என் தலைப்பைப் பிடிச்சுக்கோங்கோ. கண்ணை மூடிண்டே வாங்கோ, நான் இருக்கேன்" என்றாள். கைப்பிடியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். என்னை அவருக்குப் பின்னால் வரச்சொன்னாள்.

பள்ளத்தில் இப்போது தொடைவரை தண்ணீர், பக்கவாட்டில் இழுத்தது. பெரியப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலைப்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு வந்தார். நடுவில் ஓர் அலை வந்து மோதியதும் அப்படியே உட்காரப் போனார். நான் பின்னாலிருந்து தாங்கினேன், அவள் முன்னாலிருந்து இழுத்தாள். "வந்துட்டோம், வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே, எங்கும் தடுமாறாமல், காலை அழுத்தி ஊன்றி நடந்தாள் பெரியம்மா. எதிரே டிரைவரும் இரண்டு மீனவர்களும் ஓடிவந்து கைகொடுத்தார்கள். வண்டியைப் பிறகு டிராக்டர் வைத்து இழுத்தார்கள்.

டீக்கடை லாட்ஜின் மாடி அறையே கதியாயிற்று. பெரியம்மா கைப்பிடிச் சுவரைத் தொடாமல் படி ஏறினாள். பெரியப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டேன். உனக்கு முட்டி வலியே கிடையாதா என்று கேட்டேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

"எல்லாருக்கும் உள்ள வலி எனக்கும் உண்டு" என்றாள். "கல்யாணமான வருஷம் பூரியில அவரை அலை இழுத்துண்டு போயிடுத்து. ஒரு மீன்காரன் தூக்கிண்டு வந்து போட்டான். அன்னிலேர்ந்து அவருக்குத் தண்ணின்னா ஆகாது. ஆனா எனக்குக் கடல்னா உசிருன்னு தெரியும், அதனால வருஷா வருஷம் கூட்டிண்டு வரார். ஏன் இறங்கலேன்னு நாலு பேர் கேக்க மாட்டாளா? அதான் எம் முட்டி. இன்னிக்கு அதுவே நம்பளைக் கொண்டுபோய்க் கடல்ல விட்டுது பார்." கொஞ்சம் சிரித்துவிட்டு, "ஊருக்கு எம் முட்டின்னே இருக்கட்டும்டீ" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது மணலில் கார் ஓட்டத் தடை. போனில் லாட்ஜ் அறையின் படத்தைப் பெரிதாக்கிக் கடல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறேன், கட்டிலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. பெரியப்பாவும் இல்லை. போன தை மாதம் காலமானார். பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து அவர் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கின கதைகள் வந்தன. பெரியம்மாவின் மூத்த நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாவம், உன் முட்டியால அவன் ஒரு நாள்கூடக் கடல்ல ஆசைதீரக் குளிக்கலை" என்றாள்.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். இனி யாருக்காக மறைக்க வேண்டும், சொல்லிவிடேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

பெரியம்மா இரண்டு கையாலும் முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"ஆமாம் அக்கா" என்றாள். "குளிக்கணும்னு அவருக்குக் கொள்ளை ஆசை. நான்தான் விடலை."